இராயப்பன் மலையில் பேசியது

கணவரின் கால் பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணிக்கீற்றால் சேர்த்துக் கட்டி முடிச்சை இறுக்கியபோதும் பிரேமலதாவுக்கு அழுகை வரவில்லை, பொறாமைதான் வந்தது.

இராயப்பன் அன்று காலை ரப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். சவப்பெட்டி கலவான நகரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் ‘சோறாச்சா?’, ‘மழ வருது, துணிய எடு’ என்பவற்றைத் தாண்டி அவர் மனைவியிடம் அதிகம் பேசியதில்லை. ஆனால் மலையில் மரத்துக்கு மரம் நடக்கையில் ஓயாது பேசுவாராம், சிரிப்பாராம். கலியாணமான புதிதில் அதைக் கேள்விப்பட்ட பிரேமலதா, எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்றெண்ணி ஒரு விடியற்காலையில் ஒளிந்து பின்தொடர்ந்தாள். ஒருத்தியும் இல்லை. மனிதர் ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்தார். பெண்ணாயிருந்தால் கொண்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். ஆண்டவரை என்ன செய்வது? ஞாயிறு தவறாமல் கோயிலில் முழந்தாளிட்ட அவள் பக்கம் ஒருநாளும் வராத அந்த ஆண்டவர், இராயப்பனோடு மட்டும் மலையேறினார்.

வெளியே செபத்துக்குச் சனங்கள் கூடிவிட்டார்கள். பக்கத்து வரிசை மரங்களில் பால் வெட்டும் மூக்காயி வாசலில் தயங்கி நின்றாள்.

“அக்கா, கடைசியா அவரு என்ன சொன்னாரு?” என்று அவளிடம் கேட்டாள் பிரேமலதா.

“எங்கிட்டயா? தம்பி எங்கிட்ட என்னத்தச் சொல்லப்போகுது? சாமிகிட்டதான் பேசிக்கிட்டிருந்துச்சு.”

“அதானே! சாகுறப்பவும் அந்த ஆண்டவருதான் வேணும். அப்புடி என்னத்தப் பேசுனாங்களாம் ரெண்டு பேரும்?”

மூக்காயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “கோவிச்சுக்காத புள்ள. ‘ஆண்டவரே, இன்னைக்கு லதா தேங்காச் சம்பலுக்கு உப்புப் போட மறந்துட்டா. நாலு நாளா அவளுக்குத் தூக்கமில்ல, செவத்தப் பாத்துக்கிட்டு முழிச்சே கெடக்குறா. நான் கேட்டா எரிஞ்சு விழுவா, நீங்க கேளுங்க’ன்னுச்சு. தெனமும் ஒன் கததான். எனக்கே காது புளிச்சுப்போச்சு.”

பிரேமலதாவின் முகம் சுட்டது. “எங்கிட்டக் கேக்குறதுக்கு என்னவாம்? அதுக்கும் ஆண்டவருதானா?”

மூக்காயி வெளியே கூடியிருந்த சனங்களிடம் போனாள்.

பிரேமலதா கட்டிலருகே கிடந்த பெஞ்சின் நடுவில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“ஆமா ஆண்டவரே, மறந்துதான் போனேன்,” என்றாள். “மொழங்காலு குத்துது. ராத்திரியில கண்ண மூட முடியல.”

சொன்ன பிறகு நிறுத்த இயலவில்லை. ஒழுகும் கூரைத் தகரத்தைச் சொன்னாள். அடைகாக்காமல் எழுந்துபோன கோழியைச் சொன்னாள். விடியற்காலையில் ஒளிந்து பின்தொடர்ந்ததையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள், இடையில் எப்போதோ பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தாள்.

செபம் நடத்தும் டெனிஸ் புத்தகத்துடன் உள்ளே வந்தார். “ஆரம்பிப்போமாங்க?” என்றபடி பெஞ்சின் காலியான பக்கத்தில் அமரப் போனார்.

“அங்க வேணாங்க,” என்றாள் பிரேமலதா, கூச்சத்துடன். “அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்குங்க.”

அவர் புரியாமல் ஸ்டூலை இழுத்தார். அவளோ பெஞ்சின் மறுபாதியை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.