மைக்கில் சொன்ன சாட்சி

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஏலவார்குழலி வெள்ளைப் புடவையில் வந்து நின்று, "அக்கா, இன்னிக்கு எங்கூட சர்ச்சுக்கு வரியா?" என்றாள். ஆறு வருடமாகக் கூப்பிடுகிறவள்தான். நானும் இடுப்பு வலி, விருந்தாளி என்று எதையாவது சொல்லி அனுப்பிவிடுவேன். ஆனால் அப்போதெல்லாம் அவள் கூப்பிட்டது என் ஆத்துமாவைக் காப்பாற்ற. இன்றைக்கு அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி ஆச்சு?"

"பயமா கீதுக்கா. நீ சும்மா கடைசில குந்திக்கோ, போதும்."

விஷயம் எனக்குப் பாதி தெரியும். அவள் மகள் பூஜாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. பாஸ்டர் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். கொஞ்ச நாள் வலிப்பு வரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இவள் செய்யாற்றில் முழுகி எழுந்து எஸ்தர் ஆனாள். தோடு போயிற்று, பொட்டு போயிற்று. சாட்சி நேரத்தில் மைக்கைப் பிடித்து, "எம்பொண்ணு இப்போ ஒரு மாத்திரகூட முழுங்கறதில்ல" என்றாள். சொன்ன அன்று அது உண்மைதான். அடுத்த மாதமே பூஜா பள்ளிக்கூடத்தில் விழுந்தாள். மாத்திரை திரும்பி வந்தது. சாட்சியைத்தான் யாரும் திருப்பி வாங்கவில்லை. பாஸ்டர் ஊர் ஊராக அதைச் சொல்லவைத்தார். இவளும் சொன்னாள். சொல்லச் சொல்ல ஜனம் சேர்ந்தது, இவளுக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. தினமும் காலையில் கொல்லைப்பக்கம் வைத்து மகளுக்கு மாத்திரை கொடுப்பாள். நடுச்சுவர் என் இடுப்பளவுதான், கண்ணை எங்கே வைத்துக்கொள்வது? நான் யாரிடமும் சொன்னதில்லை. எதிர்வீட்டுத் தாயாரம்மாளிடம் மட்டும் சொன்னேன், அதுவும் அவளாகக் கேட்டதால்.

மீதிக் கதையை நடக்கும்போது குழலியே சொன்னாள். மாகறலிலிருந்து வளர்மதி என்று ஒருத்தி புதிதாக வருகிறாளாம். அவள் குழந்தைக்கும் வலிப்பு. குழலியின் சாட்சியைக் கேட்டுவிட்டு, இருந்த மாத்திரையையெல்லாம் ஆற்றில் கொட்டிவிட்டாள்.

"நேத்து போன் பண்ணி அளுதேங்க்கா. எம்பொண்ணு மாத்திர போட்டுக்கினுதான் கீறா, நீயும் குடுடின்னேன். அவ சிரிக்கிறா. 'சாத்தான் உங்க வாயில பூந்து பேசறான் எஸ்தர்க்கா'ன்றா. போன்ல சொல்றத நம்பமாட்டாளாம். மைக்ல சொன்னாதான் சாட்சியாம்."

"பாஸ்டராண்ட சொன்னியா?"

"சொன்னேன். அவருக்கும் மூஞ்சி செத்துப்போச்சு. மைக்ல வேணாம்மா, ஜனங்க இடறிப்பூடுவாங்க, நானே பேசறேன்னாரு. பேசியும் பாத்தாரு. 'என் விசுவாசத்த சோதிக்கிறீங்களா ஐயா'ன்னு அவருக்கே ஜெபம் பண்ணி உட்டுட்டாளாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"நான் சொல்லி, ஆண்டவரு கோவிச்சுக்கினு பூஜாவ மறுபடி உளுவ வச்சிட்டாருன்னா? சொல்லலன்னா அந்தக் கொளந்த…" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சர்ச்சு எதுக்குக்கா கீது? சீக்காளி வர எடமா, சீக்கு போயிட்ச்சின்னு காட்டற எடமா? இத்தினி வருசத்துல எனக்குப் பயமா கீதுன்னு அங்க ஒரு நாள் சொன்னதில்ல."

எனக்கென்ன தெரியும். எங்கள் கோயிலில் யாரும் என் கையில் மைக்கைக் கொடுத்ததில்லை.

நீலத் தகரக் கூரை போட்ட கொட்டகை. நான் பொட்டோடு கடைசிப் பாயில் உட்கார்ந்தேன். நாலு பேர் திரும்பிப் பார்த்து, ஒரு ஆத்துமா சிக்கிய மகிழ்ச்சியில் புன்னகைத்தார்கள். முன்வரிசையில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒல்லியாக ஒருத்தி. வளர்மதி அவளாகத்தான் இருக்க வேண்டும். கண்ணை மூடாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாட்சி நேரம் வந்தது. குழலி எழுந்தாள். பாஸ்டர் மைக்கைக் கொடுத்தார், ஆனால் உடனே விடவில்லை. இரண்டு கைகள் ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றன. பிறகு விட்டார்.

"ஸ்தோத்திரம். எம்பொண்ணு பூஜா… தெனமும் மாத்திர போட்டுக்கினுதான் கீறா."

"ஆமென்" என்றது கூட்டம், வழக்கம்போல, சத்தமாக. இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

"ஐயோ, ஆமென் சொல்லாதீங்க. நான் சொன்னது பொய். மாத்திரய நிறுத்துனா எம்பொண்ணு உளுந்துடுவா. நான் பயந்துக்கினுதான்…"

மைக் செத்தது. யார் அணைத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு விஷயம் என் கண்ணுக்குத் தப்பியது அதுதான் முதல்முறை. குழலி நிறுத்தவில்லை. கடைசிப் பாய்க்கு அவள் குரல் வரவில்லை, வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வளர்மதிக்கு எதிரே போய்க் குந்தினாள். வளர்மதி தன் குழந்தையின் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் இறுக்கப் பொத்தினாள்.

குழந்தை காது அடைபட்ட தலையைத் திருப்பாமல், குழலியின் உதடுகளையே உற்றுப் பார்த்தது. அந்த உதடுகள் அசைகிற மாதிரியே தன் உதடுகளையும் மெல்ல அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.