சமையல்காரரின் கடைசி வசனம்

ஒரே ஒரு சொல்லைப் பன்னிரண்டு வருஷம் மென்றுகொண்டிருக்க முடியுமா? அவளால் முடிந்தது. அந்தச் சொல் 'திருடி'. இணையத்தில் ஒரு ரசிகர் மன்றத்தில், அவள் எழுதிய ஒவ்வொரு பதிவிலும், பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் அது நின்றுகொண்டிருந்தது. அதை அழிக்க வேண்டும். அழித்த கையோடு, போட்டவன் பெயருக்குக் கீழே ஒட்ட வேண்டும். அவளுக்கு வேறு பெரிய ஆசைகள் இல்லை.

மன்றம் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கானது. ஒரு சரக்குக் கப்பல், அதிலிருக்கும் ஆட்கள், அவர்களுடைய சண்டை சச்சரவு, அவ்வளவுதான் கதை. அதற்காக ஊண் உறக்கம் மறந்து கிடந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அங்கே அவளுக்குக் கடைக்குட்டி என்று பெயர். ஒவ்வொரு பகுதியையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு, வசனம் முழுவதையும் எழுதிப் போட்டவள் அவள்தான். ஒரே ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டாள். புயல் காட்சியில் கப்பலின் சமையல்காரர் சாகும்போது வாய் அசைகிறது. அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வெறுமனே விட மனசு வராமல் தானே ஒரு வசனம் எழுதி வைத்தாள்: "அடுப்ப அணைச்சிட்டேன். கவலப்படாதீங்க."

மன்றமே அழுதது. ஆளாளுக்கு அதைத் தங்கள் பெயருக்குக் கீழே போட்டுக்கொண்டார்கள். இது நானே எழுதியது என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மன்றத்தை நடத்தியவர் மாலுமி என்ற பெயரில் உலவினார். அடுத்தவர் பதிவில் ஒரு கால்புள்ளி பிசகினாலும் மூக்கை நுழைத்துத் திருத்திவிட்டுப் போகிற ஆசாமி. தொடர் முடிந்தபோது தயாரித்த நிறுவனம் ஒரு விழா வைத்தது. மாலுமி அத்தனை வசனத்தையும் தான் எழுதியதாகச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்து மேடை ஏறினார். நடிகர்களுக்கு நடுவே நின்று, தொண்டை கரகரக்க, அடுப்பு வசனத்தைப் பேசிக் கைத்தட்டல் வாங்கினார். அது தொடரிலேயே இல்லாத வசனம், உங்களிடம் எப்படி வந்தது என்று கடைக்குட்டி மன்றத்தில் கேட்டாள். தான் எழுதித் தந்ததைத்தான் அவள் தன் பெயரில் போட்டுக்கொண்டாள் என்று மாலுமி பதில் எழுதினார். அன்று மாலைக்குள் அவள் பெயருக்குக் கீழே 'திருடி' வந்துவிட்டது, உள்ளே நுழைய முடியாமல் கதவும் பூட்டப்பட்டது. தினமும் குசலம் விசாரித்தவர்கள் வரிசையில் நின்று காறித் துப்பினார்கள். வெளியே நின்று அவளால் அதையெல்லாம் படிக்க மட்டும் முடிந்தது.

அவளுக்கு வேலை பொய்ப்பல் செய்யும் பட்டறையில். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் பதித்து, வேகவைத்து, இழைத்துக் கொடுக்க வேண்டும். ஊரார் பல்லைச் செய்துகொண்டே தன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமும் ஆயிற்று. கணவர் பேருந்து ஓட்டுநர், நிதானமானவர். அவருக்கு விஷயம் தெரியும். "செத்துப்போன எடத்துல இன்னும் யாரோட சண்ட போடுற?" என்பார். போட வேண்டிய சண்டையைப் போடாமல் விட்டதால்தான் வயிறு எரிகிறது என்று அவருக்கு யார் புரியவைப்பது?

இடம் செத்துக்கொண்டுதான் இருந்தது. முதலில் சின்ன வயசுக்காரர்கள் வேறு தொடர்களுக்குத் தாவினார்கள். மற்றவர்கள் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துப் போனார்கள். அந்தக் குழுவில் கொஞ்ச காலத்தில் கப்பல் போய்ப் பிள்ளைகளின் மதிப்பெண் வந்தது. சிலர் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பலர் அதுகூடச் சொல்லவில்லை. கடைசியில் மன்றத்தில் காலை வணக்கம் போட்டு, அதற்கும் பதில் வராமல், மாலுமி மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவள் புதுவரவு என்ற பெயரில் உள்ளே நுழைந்தாள்.

மன்றத்தில் ஒரு விளையாட்டு உண்டு, வசனத் தொடர். ஒருவர் தொடரிலிருந்து ஒரு வசனம் போட்டால் அடுத்தவர் அதற்கடுத்த வசனத்தைப் போட வேண்டும். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு போட முடியாது. மாலுமி அப்படி ஒரு பூட்டு போட்டிருந்தார். கூட்டம் இருந்த காலத்தில் கண் மூடித் திறப்பதற்குள் ஒரு பகுதி ஓடிவிடும். இப்போது புதுவரவு ஒன்று, மாலுமி ஒன்று. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பிளாஸ்டர் இறுகுவதற்குள், அவள் தன் வசனத்தைப் போட்டுவிடுவாள். மாலுமியின் பதில் உடனே வரும். வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான் பாவி என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு வருஷம் இப்படி ஓடியது. கண் ஆபரேஷன் செய்யப் போவதாகவும், இடையில் மன்றத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றும் சொல்லி, மாலுமி நிர்வாகச் சாவியையும் அவளுக்குக் கொடுத்தார். கையில் சாவி வந்த அன்றே கதையை முடித்திருக்கலாம். அவள் அவசரப்படவில்லை. புயல் காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. தயாரித்த நிறுவனம் தொடரைச் சத்தம் சீராக்கிப் புதிதாக வெளியிட்டிருந்தது. அதில் அலை அடங்கி எல்லாம் துல்லியமாகக் கேட்டது. சமையல்காரர் ஒன்றும் சொல்லவில்லை, இருமுகிறார், அவ்வளவுதான். அந்த வசனத்தை மாலுமி தன் கையாலேயே போட வேண்டும் என்று காத்திருந்தாள்.

எண்ணிப் பார்த்தால் அது அவள் முறையில் விழுந்தது. அதனால் ஒரு நாள் இரண்டு சின்ன வசனங்களை ஒன்றாகச் சேர்த்துப் போட்டாள். கால்புள்ளிக்கே குதிக்கிற மாலுமி அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து வந்த மாலுமி, ஒரு மதியம், அடுப்பு வசனத்தைப் போட்டார். மெழுகு ஒட்டிய விரலோடு அவள் அந்த இருமலின் ஒலித்துண்டைக் கீழே போட்டாள். உங்கள் வசனம் இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

பதில் வந்தது.

"இல்லன்னு தெரியும். நீ வந்த மொத வாரமே நீதான்னும் தெரியும், கடைக்குட்டி. உன்ன மாதிரி வசனத்த எழுத வேற யாரு இருக்கா? ரெண்ட ஒண்ணாச் சேத்தப்பவும் தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன். சாவி உன்கிட்டதான் இருக்கு."

அவள் அதை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தாள். மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினாள். தலைகீழாய் நின்று தேடினாலும் அதில் இல்லை. பெருந்தன்மை மட்டும் வழிந்தது. சாவியைப் பிச்சை போட்டானாம்! அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. கடைக்குட்டியின் பெயரிலிருந்து சிவப்புச் சொல்லை எடுத்து, அவளுக்குக் கதவையும் திறந்தாள். மாலுமியின் பெயருக்குக் கீழே 'திருடன்' என்று போட்டாள். நிர்வாகத்திலிருந்து நீக்கிக் கதவைப் பூட்டினாள். பிறகு போய் ஒரு கடைவாய்ப் பல்லை இழைத்தாள். அன்று இழைத்த பல் போல அவள் எப்போதும் இழைத்ததில்லை.

வீட்டில் சொன்னபோது கணவர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"சரி. இப்போ எவ்வளவு நாள் வெளிய நிக்கணும் அந்த ஆளு?"

"பன்னண்டு வருஷம். அப்புறம் பாக்கலாம்."

"அது வரைக்கும் அந்த எடம் இருக்குமா?"

நியாயமான கேள்விதான். மாதக்கணக்கில் எழுத்து வராத மன்றங்களை இணையத்தில் இடம் கொடுக்கும் நிறுவனம் அழித்துவிடும். அழிந்தால் திருடன் என்ற சொல்லும் சேர்ந்து அழியும். அப்படி எளிதில் தப்ப விடுவதற்கா இவ்வளவு பாடு?

மறுநாளிலிருந்து அவளே வசனத் தொடரை நடத்தினாள். கடைக்குட்டியாக ஒரு வசனம், வெளியே வந்து, புதுவரவாக உள்ளே போய் அடுத்தது. தனக்குத் தானே பேசுகிறவளைப் பட்டறையில் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் பக்கத்தின் அடியில் பார்த்தாள். 'வாசிப்பவர்கள்: உறுப்பினர் ஒருவர், விருந்தாளி ஒருவர்.' உறுப்பினர் அவள்தான்; பெயர் கொடுத்து உள்ளே வராமல் படிப்பவர்தான் விருந்தாளி. மறுநாள் அதே மதியத்தில் அதே விருந்தாளி. அதற்கும் மறுநாள். பூட்டிய கதவுக்கு வெளியே நின்று படிப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

யோசித்தாள். கப்பல் தலைவரின் வசனம் அடுத்து வரவேண்டும். அதை அவள் தூக்கத்தில்கூடத் தப்பில்லாமல் சொல்வாள். வேண்டுமென்றே ஒரு வார்த்தையை மாற்றி, கால்புள்ளியைத் தப்பான இடத்தில் வைத்து அனுப்பினாள். திருத்த முடியாமல் அந்த ஆளின் கை என்ன பாடு படும் என்று நினைத்தபோது, பல வருஷங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

பிளாஸ்டர் இறுகி, ஓய்வு நேரம் முடிந்து, மேற்பார்வையாளர் கூப்பிட்டார். விருந்தாளி இன்னும் போகவில்லை. நாளைக்கு எந்த வார்த்தையை மாற்றலாம் என்று யோசித்துக்கொண்டே அவளும் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.