பையில் வந்த கூறைச்சேலை

செண்பகவல்லிக்கு ஆஸ்பத்திரியில் பெட் கிடைத்ததும், அவளுக்குத் துணி எடுத்துவர சொரிமுத்து தாராவிக்கு ஓடிவந்தான். பதினோரு வருஷக் குடித்தனத்தில் பெண்டாட்டியின் டிரங்குப்பெட்டியை அவன் திறப்பது அன்றைக்குத்தான். ரெண்டு நூல்சேலை, சீப்பு, தூக்குவாளி, திருநீறு என்று அவள் சொல்லிவிட்டதே நாலு சாமான். தோல் பட்டறையில் நூறு தோலை ஒரே பார்வையில் எண்ணிவிடுகிற மனுஷன், அந்த நாலில் சீப்பை மறந்தான். அது போகட்டும். மேலே இருந்த நூல்சேலைகளை விரித்துப் பார்த்தான், எல்லாவற்றிலும் ஒட்டு. அத்தனை பம்பாய்ப் பொம்பளைகளுக்கு நடுவில் தன் பெண்டாட்டி ஒட்டுப்போட்ட சேலையோடு கிடப்பதா என்று அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடியில் கைவிட்டான், அரக்குப் பட்டு ஒன்று வந்தது. அதைப் பைக்குள் திணித்துக்கொண்டு தாதரில் ட்ராம் ஏறினான்.

வார்டில் பையைத் திறந்த செண்பகவல்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. அது அவளுடைய கூறைச்சேலை. புருஷனுக்கு முன்னால் போய்ச் சேருகிறவளுக்குக் கல்யாணக் கூறையைப் போர்த்தி அனுப்புவதுதான் அவர்கள் பக்கத்து வழக்கம். சொரிமுத்துவின் அம்மைக்கே அப்படித்தான் போர்த்தினார்கள். பாவி மனுஷனுக்கு அது அந்த நேரம் பார்த்தா மறந்துபோக வேண்டும்!

“டாக்டரு என்ன சொன்னாரு? நான் பொழைக்க மாட்டனா? மறைக்காம சொல்லுங்க.”

“ஏட்டி, கோட்டி மாதிரிப் பேசாத. வயித்துக் கட்டிய எடுத்துட்டா எந்திரிச்சு நடப்பன்னுதான் சொன்னாரு.”

“அப்பம் இத எதுக்குக் கொண்டாந்திய? எனக்கு ஆப்ரேஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்குப் போவம்.”

இன்றைக்கு எடுக்காவிட்டால் உயிருக்கு மோசம் என்று டாக்டர் சொன்னதை அவன் அவளிடம் சொல்லவில்லை. ஆயா ஒரு பச்சை அங்கியைக் கட்டிலில் போட்டு, “ஜல்தி, பாயி” என்று அவசரப்படுத்தி இரைந்துவிட்டுப் போனாள். செண்பகவல்லி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஒரு நல்ல சேலையாக் கொண்டாரணும்னுதாம் பாத்தேன். பெட்டி முழுக்கத் தேடிட்டேன்ட்டி. நல்லதுன்னு இது ஒண்ணுதாங் கெடந்துச்சு. பதினோரு வருசத்துல நான் ஒனக்கு ஒரு சேலை எடுத்துக் குடுக்கலங்கது இன்னைக்குத்தாம் எனக்கே தெரியுது.”

“கூறு இருக்கா ஒங்களுக்கு?” என்று திரும்பினாள். திட்டத்தான் வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு அங்கியை எடுத்தாள்.

அதைத் தைத்தவன் கை விளங்காமல் போக! முன்னால் கழுத்துவரை மூடல், பின்னால் மொத்தமும் திறப்பு. நாலு நாடாவில் ரெண்டு அறுந்திருந்தது. மிச்சம் ரெண்டையும் சொரிமுத்து முடிந்தான். வெளியே வராந்தா முழுக்க ஆம்பிளைகள்.

“முதுகு தெரியுதுல்லா?”

“தெரியுது.”

“அந்தச் சேலையக் குடுங்க.”

“அது வேண்டாம்ட்டி.”

“குடுங்கன்னா குடுங்க.”

கூறையை முதுகோடு சுற்றிப் போர்த்திக்கொண்டு, நிமிர்ந்தே நடந்தாள். ஆப்ரேஷன் அறை வாசலில் அதைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

“கசக்கிராம வச்சுக்கிடுங்க. வீட்டுக்கு இதத்தாங் கட்டிட்டு வருவேன்.”

அவளை வெளியே கொண்டுவரும்வரை அவன் அந்தச் சேலையை மடியைவிட்டு இறக்கவில்லை.

பத்தாம் நாள், அரக்குப் பட்டு சரசரக்க அவள் மெல்ல மெல்லச் சந்துக்குள் நுழைந்தாள். குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டு முருகம்மாள் வாயைப் பிளந்தாள்.

“என்னட்டி, யாரு வீட்டுக் கலியாணம்?”

“எங்க வீட்டுக் கலியாணந்தாங்க்கா” என்றாள் செண்பகவல்லி. பின்னால் பையோடு வந்த சொரிமுத்து, பட்டப்பகலில் தெரு நடுவில் நின்று அழுதான்.