கோயில் தழுவிய நாள்

செப்டம்பர்த் திங்களின் இரண்டாம் ஞாயிறு; நேரமோ நண்பகல் கடந்து ஒரு நாழிகை. டெர்பிஷயர் நாட்டுச் சுண்ணக்கற் குன்றுகளின்மேல் வெயில் புதிதாய்க் கறந்த பாலின் இளஞ்சூட்டோடு படர்ந்திருக்க, சாந்தின்றி அடுக்கிய கல்வேலிகள் மேடேறியும் பள்ளம் இறங்கியும் தொலைவில் மறைய, அவ்வேலிகளுக்குள்ளே ஆடுகள் தலைநிமிராது மேய்ந்திருக்க, பள்ளத்தாக்கின் அடியில் ஹாதர்கோட் என்னும் சிற்றூர் தன் எழுபது கூரைகளையும் ஓர் ஓடையையும் இரண்டு கோயில்களையும் வைத்துக்கொண்டு அமைதியாய் இருந்தது. ஓடையின் இக்கரையில், எழுநூறு ஆண்டு மழையில் நனைந்து கறுத்த மணிக்கோபுரத்தோடு நிற்பது மரியன்னையின் பெயரால் வழங்கும் பெரிய கோயில். அக்கரையில், செங்கற் சுவரும் வெண்ணிறப் பலகணிகளுமாய், கோபுரமும் மணியும் இன்றி, துடைத்துவைத்த அடுக்களைபோல் எளிமையாய் நிற்பது பெத்தேல் என்னும் சிறிய கோயில். இரண்டுக்கும் நடுவே உள்ள பாலத்தைக் கடக்க நான்கு எட்டுப் போதும். ஆயினும் படிப்போரே, அந்த நான்கு எட்டை எடுத்துவைக்க இவ்வூரார்க்குச் சில வேளை பதினான்கு ஆண்டு பிடிக்கும்.

பெரிய கோயிலார்க்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கொரு முறை இதே ஞாயிறன்று அனைவரும் வெளியே வந்து, ஒருவர் கையை ஒருவர் பற்றிக் கோயிலைச் சுற்றி வளைத்து நின்று, ஒரு பாட்டுப் பாடி, அதைத் தழுவுவர். கயிறு கூடாது, கைக்குட்டை கூடாது, குடையின் வளைந்த பிடியை நீட்டி எட்டிப் பிடிப்பதும் கூடாது. கையோடு கை சேர்ந்தால்தான் அது தழுவல். சேராவிடில் வெறுமனே சுற்றி நின்று வேடிக்கை பார்த்ததாகவே கொள்ளப்படும். கடந்த மூன்றாண்டாக அவ்வட்டம் சேரவில்லை. வெயில் படாது பாசி படிந்த வடக்குச் சுவரோரம் முதலாண்டு நால்வர் நிற்கும் இடைவெளி விழுந்தது. அடுத்த ஆண்டு பதின்மர். சென்ற ஆண்டு அதனினும் மிகுதி. அந்தப் பக்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை ஆகையால், பாட்டை முடித்துக்கொண்டு எல்லாரும் தேநீர் குடிக்கப் போனார்கள். மேவிஸ் ஹாலம் ஒருத்திதான் திரும்பிப் பார்த்தாள்.

மேவிஸ் எழுபத்திரண்டு அகவையினள். கணவனை இழந்து தனியே வாழ்பவள். கோயிற் பொறுப்பாளர் இருவருள் ஒருத்தி. திறவுகோலும் பூச்சாடியும் மணிக்கயிறும் நெடுங்காலமாய் அவள் ஆளுகையில் இருந்தன. எவரையும் நேருக்கு நேர் நோக்கிப் பேசுவாள்; தவறு செய்துவிட்டேன் என்பதைத் தவிர மற்றெல்லாச் சொற்களும் அவள் நாவுக்குத் தங்குதடையின்றி வரும். அவளிடம்தான், ஐந்து ஊர்க் கோயில்களைப் பழைய வண்டியொன்றில் ஓடியோடிப் பார்த்துவந்த இளைய ஆயர் டென்பி, கோடையின் இறுதியில் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். இக்கோயிலைத் தாங்க ஊரில் ஆளில்லை, ஆதலால் இதைப் பூட்டிவிட ஒப்புகிறோம் என்று அதில் எழுதியிருந்தது. மற்றைப் பொறுப்பாளர் முன்னமே ஒப்பமிட்டிருந்தார். எஞ்சியிருந்தது மேவிஸின் பெயர் எழுதவேண்டிய ஒரு கோடு.

அவள் அதை இருமுறை படித்து மடித்து மேலாடைப் பைக்குள் வைத்தாள். "தழுவல் முடியட்டும், ஆயரே. கை சேந்துச்சுன்னா இதை அடுப்புல போடுங்க. சேரலைன்னா அன்னிக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்."

நேர்மையானவராகிய டென்பி, மனக்கணக்காய்த் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, வருத்தத்தோடு சரி என்றார். அவர் போனதும் மேவிஸ் சுவரோரமாய் நடந்து எட்டெட்டாய் அளந்தாள். வட்டம் சேர அறுபது பேர் வேண்டும். நடக்க முடிந்தவர், நடக்கத் தொடங்கியவர், கைத்தடி ஊன்றுவோர் எல்லாரையும் சேர்த்தாலும் பெரிய கோயிலில் முப்பத்தைந்து பேரே தேறினர். மற்றவர்கள் ஓடைக்கு அக்கரையில் இருந்தார்கள். அவர்களைக் கேட்டால் வருவார்கள் என்பதை மேவிஸ் அறிவாள். கேட்கும் வாய் தனக்கு இல்லை என்பதையும் அறிவாள்.

ஏன் இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். லெட்டி என்பவள் மேவிஸுக்குப் பள்ளித் தோழி. பெரிய கோயிற் பாடகர் வரிசையில் அவள் தோளோடு தோள் நின்று பாடியவள். சிறிய கோயிலைச் சேர்ந்த ரூபன் கிராட்டனை மணந்ததும் லெட்டி ஓடை தாண்டிப் போய்விட்டாள்; அந்தக் குரல் போன வெறுமையை லெட்டி தனக்கிழைத்த வஞ்சனையாகவே மேவிஸ் எண்ணிக்கொண்டாள். பதினான்கு ஆண்டுக்கு முன், பனி கொட்டிய ஒரு காலையில், ரூபன் அவள் வாயிலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். லெட்டி இறந்துவிட்டாள் என்றார். அவள் வாழ்ந்த ஆண்டுக்கு ஓர் அடியாய்ப் பெரிய கோயில் மணியை அடிக்க முடியுமா, அந்த ஒலியென்றால் அவளுக்கு உயிர் என்று கேட்டார். மணி பெரிய கோயிலாருக்கே உரியது, அதுதான் விதி என்று சொல்லி மேவிஸ் கதவைச் சாத்தினாள். லெட்டியை மணியோசை இன்றியே அடக்கம் செய்தார்கள். பின்னொரு நாள் கோயிலின் பழைய ஏடுகளையெல்லாம் புரட்டித் தேடினாள் மேவிஸ். அப்படியொரு விதி எந்த ஏட்டிலும் இல்லை. தேடினேன் என்பதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அந்த ரூபனிடம்தான் போகவேண்டும். ஏனெனில் சிறிய கோயிலின் மூத்தவர் அவரே. அவர் கோழி வளர்ப்பவர். முட்டைகளை வேலிக்கதவருகே ஒரு முக்காலிமேல் அடுக்கி, பக்கத்தில் ஒரு தகரப்பெட்டியும் வைத்திருப்பார். வேண்டுவோர் காசைப் போட்டுவிட்டு எடுத்துப் போவர். கதவைத் தட்டுவார் எவரும் இல்லை. தழுவலுக்கு முந்திய திங்கட்கிழமை மேவிஸ் அந்த முக்காலியைக் கடந்து உள்ளே போய்க் கதவைத் தட்டினாள். ரூபன் திறந்தார். வழியெல்லாம் சேர்த்துவைத்த சொற்கள் அத்தனையும் அந்த நொடியில் அவளைக் கைவிட்டன.

"ஒரு டசன் முட்டை வேணும்," என்றாள்.

"வாசல்லயே இருக்குதுங்களே."

"பாத்தேன். இருந்தாலும் கேட்டு வாங்கலாமேன்னு."

புதன்கிழமையும் அதுவே நடந்தது. வெள்ளிக்கிழமை சற்றே துணிந்து, ஞாயிற்றுக்கிழமை என்பது வரையில் வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன என்று ரூபன் காத்திருந்தார்; அவள், அன்று மழை வருமோ என்று கேட்டாள். வராது என்றார் அவர். அப்படியானால் இன்னுமொரு டசன் கொடுங்கள் என்றாள். இத்தனைக்கும் அவள் வீட்டுக் கொல்லையில் ஆறு கோழிகள் அவள் ஒருத்திக்காக நாள் தவறாமல் முட்டையிட்டு, இட்டேன் இட்டேன் என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தன. முப்பத்தாறு முட்டைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், சனிக்கிழமை முழுவதும் அடுப்பருகே நின்று, வாதுமையும் பழப்பாகும் இட்டு முட்டைப் பணியாரம் சுட்டாள். தட்டுகள் நிறைந்து பலகணித் திட்டுவரை பரவின. உண்ண ஆள் எங்கே என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கு வருவோம். ஆயர் டென்பி உட்பட முப்பத்தைந்து பேர் வெளியே வந்தனர். தெற்கு வாயிலிலிருந்து இருபுறமும் கைகோத்துக்கொண்டு, கைகளை நோகுமளவு நீட்டி, கிழக்கு மூலையையும் மேற்குக் கோபுரத்தையும் கடந்து வடக்கே திரும்பியதும் இரு முனைகளும் நின்றுவிட்டன. நடுவே பாசிச் சுவர் நீளக் கிடந்தது. கைகள் இருக்கிறபடி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வட்டத்தின் பின்னே நடந்துவந்த மேவிஸ், அந்த வெற்றிடத்தின் முன் நின்றாள். அவள் கை தானாகவே மேலாடைப் பையிலிருந்த தாளைத் தொட்டது. எல்லாரும் இம்முறை அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தார்கள்.

அப்போது பாலத்தின்மேல் காலடிகள் கேட்டன.

கறுப்பு உடையும் தேய்த்துப் பளபளக்கும் காலணியுமாய்ச் சிறிய கோயிலார் வந்துகொண்டிருந்தனர். முன்னே ரூபன், பின்னே அவர் தங்கை, அவளுக்குப் பின் பால்காரர் குடும்பம், கைக்குழந்தையோடு ஒருத்தி, சக்கர நாற்காலியில் ஒரு முதியவர். தம் வழிபாட்டை அரைமணி முன்னதாக முடித்துக்கொண்டு புறப்பட்டவர்கள், கல்லறைத் தோட்டத்து வாயிலைக் கடந்து, எவரும் இடம் காட்டாமலேயே நேரே வடக்குச் சுவருக்கு வந்து, ஒருவர்பின் ஒருவராய்க் கைகோத்துக்கொண்டே நின்றார்கள். மேவிஸ், வாய் திறந்தால் என்ன வருமோ என்று அஞ்சி, தனக்குத் தெரிந்த ஒரே வேலையை, எண்ணும் வேலையை, மேற்கொண்டாள். தெற்கு வாயிலில் தொடங்கி முழுவட்டமும் நடந்து ரூபனிடம் வந்து முடித்தாள். ஐம்பத்தொன்பது. ரூபனின் இடக்கை வெறுமனே நீண்டிருந்தது. அதற்கு அப்பால், எட்டாத தொலைவில், ஆயர் டென்பியின் வலக்கை. ஓர் ஆள் நிற்கும் இடம்.

அவள் சாலைப் பக்கம் திரும்பி, வழிப்போக்கர் எவராவது வரமாட்டாரா என்று பார்த்தாள்.

"என்ன தேடறீங்க?" என்றார் ரூபன்.

"ஒரு ஆள் குறையுது. இவ்வளவு தூரம் வந்து ஒரே ஒரு ஆள் குறையுது, கிராட்டன்."

"எண்ணினது யாரு?"

"நான்தான்."

ரூபனின் முகத்தில் மெல்லிய சிரிப்பொன்று படர்ந்தது. பதினான்கு ஆண்டாக அவளை மரியாதையோடு தள்ளி நிறுத்தியிருந்த பேச்சை விட்டு, பள்ளிக்கூடத்துப் பேச்சுக்கு அவர் திரும்பினார். "உன்னை எண்ணினியா, மேவிஸ்?"

அவள் எண்ணவில்லை. அளந்த நாளிலும் எண்ணவில்லை, இன்றும் எண்ணவில்லை. வட்டத்துக்கு வெளியே நின்றே பழகிப்போனவள் தன்னை எங்ஙனம் எண்ணுவாள்? நாணத்தில் முகம் சிவக்க, அந்த இடைவெளியில் போய் நின்று, ஒரு கையால் ஆயரையும் மறு கையால் ரூபனையும் பற்றினாள். கோழிக்கூண்டின் மரச்சிராய்கள் தைத்துத் தைத்துக் காய்த்துப்போன ரூபனின் கை இறுகப் பிடித்தது.

"நான் கூப்பிடவே இல்லையே," என்றாள் தாழ்ந்த குரலில்.

"வீட்ல ஆறு கோழி வச்சிருக்கிறவ எங்கிட்ட மூணு டசன் முட்டை வாங்கினா, ஒண்ணு கோழிங்க செத்திருக்கணும், இல்ல ஞாயித்துக்கிழமைக்கு வேற எதையோ கேக்க வந்திருக்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் கொல்லைப்பக்கம் எட்டிப் பாத்தேன். கோழிங்க நல்லாத்தான் இருந்துச்சு."

ஆயர் தம் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு பாட்டைத் தொடங்கினார். பெரிய கோயிலார் எப்போதும் அண்டை வீட்டார் உறக்கம் கலையாதபடி பாடுவோர். சிறிய கோயிலாரோ கூரை பெயரப் பாடுவோர். இரண்டும் கலந்த அந்தப் பாட்டில், கோபுரத்துக் காக்கைகள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் அமர்ந்தன. மூன்றாண்டாய்த் தழுவுவாரற்றிருந்த வடக்குச் சுவருக்கு நேரே நின்று, தன் நெஞ்சு நன்றியால் நிறைந்து வலிப்பதை மேவிஸ் உணர்ந்தாள். பாட்டு முடிந்தபோது தாளை எடுத்து ஆயரிடம் கொடுத்தாள். அதன் ஒரு மூலையில் முட்டை பட்டுக் காய்ந்திருந்தது. அவர் அதை நான்காய்க் கிழித்துத் தேநீர் அடுப்பில் இட்டார்.

பணியாரத் தட்டுகள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தன. இக்கரையாரும் அக்கரையாரும் புல்வெளியில் கலந்து நின்று, இது யார் கைவண்ணம் என்று கேட்டு உண்டுகொண்டிருக்கையில், பரிமாற வேண்டியவளைக் காணோம். அவளைத் தேடத் தலைப்படுமுன் மணி ஒலித்தது.

ஒன்று. பின் நெடிய இடைவெளி. இரண்டு. இறப்பை அறிவிக்கும் நடை அது என்று அறிந்த ஊரார் யாருக்கென்று விளங்காமல் ஒருவரையொருவர் பார்த்தனர். இருபது, முப்பது என எண்ணிக்கை ஏறிற்று. ஐம்பதைத் தாண்டியபோது, கையிலிருந்த பணியாரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிய ரூபன், கோபுரத்தை நோக்கி நடந்தார்.

அவர் உள்ளே நுழைந்தபோது ஐம்பத்தேழாவது ஒலி அடங்கிக்கொண்டிருந்தது. மேவிஸ் கயிற்றைப் பிடித்தபடி மூச்சிரைக்க நின்றாள்.

"அப்படி ஒரு விதி இல்ல, ரூபன். எல்லா ஏட்டுலயும் தேடிப் பாத்துட்டேன். நான் செஞ்சது தப்பு."

"தெரியும். அன்னிக்கே தெரியும்." அவர் மேலே, இருளில் மறைந்த கயிற்றின் நுனியை அண்ணாந்து பார்த்தார். "இன்னும் ரெண்டு நாள் இருந்திருந்தா லெட்டிக்கு அம்பத்தெட்டு. யார் கேட்டாலும் அம்பத்தெட்டுன்னுதான் சொல்லுவா. அந்த ஒண்ணை நான் அடிக்கட்டுமா?"

மேவிஸ் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். பிறந்தது முதல் அவ்வொலியைக் கேட்டே வளர்ந்தும் அக்கயிற்றை ஒருநாளும் தொட்டறியாத அம்மனிதர், எவ்வளவு இழுக்கவேண்டும் என்று அறியாது தயங்க, அவள் தன் கையை அவர் கைமேல் வைத்து அளவு காட்டினாள். இருவரும் சேர்ந்து இழுத்தனர். அந்த ஓர் ஒலி கோபுரத்தினின்று இறங்கி, புல்வெளியில் நின்ற ஊராரைக் கடந்து, பாலத்தைக் கடந்து, சிறிய கோயிலின் பின்னே லெட்டி துயிலும் இடத்துக்குச் சென்று சேர்ந்தது. பதினான்கு ஆண்டு பிந்தி வந்தாலும், வரவேண்டிய இடத்துக்கே அது வந்தது.

அவ்வாண்டு தொட்டு ஹாதர்கோட்டில் வட்டம் சேராமல் இருந்ததில்லை. எண்ணும் பொறுப்பு இன்றும் மேவிஸுடையதே; ஒன்று என்று தன்னைத் தொட்டுச் சொல்லிக்கொண்ட பிறகே அவள் நடக்கத் தொடங்குகிறாள்.