கடல் தெரிகிற ஜன்னல்

நெவில் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் அவர்மேல் பாய்ந்துவிடுவீர்கள். சிட்னியில் நாற்பது வருஷம் பிளம்பர் வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் மனைவி பெவர்லி ஆசைப்பட்டாளே என்று கடற்கரையோரம் வீடு வாங்கினார். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நகராட்சிப் பூங்கா. அதில் முன்னறை ஜன்னலுக்கு நேர் எதிரே பெரிய யூகலிப்டஸ் ஒன்று. வந்த புதிதில் பெவர்லியே, "கடலைப் பாக்க வந்தா இந்தத் தடியன் குறுக்க நிக்கிறானே" என்று மரத்தைத் திட்டியிருக்கிறாள்.

போன வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சு மட்டும் தப்பியது. சக்கரம் வைத்த கட்டிலில் சுவரைப் பார்த்தபடி ஒரு மாதம் கிடந்தாள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, ரத்த அழுத்தம் குறைவேனா என்றது. இப்படியே போனால் இன்னொரு தாக்கு வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரம் இரண்டு முறை வந்துபோகும் நர்ஸ் சேலா, டோங்கா தீவுக்காரி, கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னாள்.

திருப்பிய பத்தே நாளில் பெவர்லி ஆளே மாறிவிட்டாள். காலையில் கண் விழித்ததும் ஜன்னலைத்தான் பார்ப்பாள். சூப்பைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். அழுத்தம் இறங்கியது. ஒருநாள் நெவிலைக் கூப்பிட்டு, "அந்த மரத்துல என்ன தெரியுது, சொல்லு பாப்போம்" என்றாள்.

"மரந்தான் தெரியுது. கடல்தான் தெரியல."

"உனக்கு எங்க தெரியப்போவுது" என்று சிரித்தாள்.

பாவி மனுஷன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். இலைச் சந்தில் கடலைத் தேடித் தேடிப் பார்க்கிறாள், அதற்கே இவ்வளவு தெம்பு வந்திருக்கிறது, முழுக் கடலும் தெரிந்தால் எழுந்தே நடந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார். மரத்தை வெட்ட நகராட்சி அனுமதிக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில், அவள் தூங்குகிறாள் என்று நினைத்து, துளைபோடும் மெஷினை எடுத்துக்கொண்டு போனார். அடிமரத்தில் ஏழு துளை. ஒவ்வொன்றிலும் களைக்கொல்லியை ஊற்றி, குழாய் இணைப்புக்குப் பூசும் மக்கை வைத்து அடைத்து, விரலால் வழித்தும் விட்டார். கை பழகிய வேலை, அரைகுறையாக விட அவருக்கு வராது.

ஆறு வாரத்தில் இலையெல்லாம் பழுத்துக் கொட்டியது. கடல் தெரிந்தது. பெவர்லியோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

அழுத்தம் பார்த்துவிட்டு சேலா உதட்டைப் பிதுக்கினாள். வாசல்வரை வந்த நெவிலிடம் தாழ்ந்த குரலில், "அந்தப் பறவைங்க போனதுதான் அவங்கள இப்படிப் போட்டிருச்சு" என்றாள்.

"எந்தப் பறவை?"

சேலா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். தவளைவாயன் என்கிற, ஆந்தை மாதிரியான பறவை ஜோடி ஒன்று ஒரு குஞ்சோடு அந்த மரத்தின் கவட்டில் இருந்ததாம். பகலெல்லாம் ஒடிந்த கிளை மாதிரியே அசையாமல் உட்கார்ந்திருக்குமாம். எது கண் திறக்கிறது, குஞ்சு எப்போது நகர்கிறது என்று பெவர்லி நாள் முழுக்கக் காவல் இருப்பாளாம். டிவி முன்னால் வாயைப் பிளந்து தூங்கும் நெவிலைப் போலவே ஒன்று இருக்கிறது, அவராகவே கண்டுபிடிக்கட்டும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளாம்.

அன்று மத்தியானம் நெவில் சாப்பிடவில்லை. ஒடிந்த கிளை என்று அவர் எத்தனையோ தடவை பார்த்ததுதான் அது.

அடுத்த வாரம் நகராட்சியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பட்ட மரத்தை வெட்டவில்லை. கடல் காட்சிக்காக மரத்தைக் கொன்றவனுக்கு அந்தக் காட்சி முழுசாகக் கிடைக்கக் கூடாதாம். 'இந்த மரத்துக்கு விஷம் வைத்திருக்கிறார்கள்' என்று எழுதிய பெரிய பேனரை அதில் கட்டினார்கள். பிறகு ஒரு அதிகாரி அம்மாள் வீடுவீடாக விசாரித்துக்கொண்டு வந்தாள். துளைகளை அடைத்த சுத்தத்தைப் பார்த்தால் வேலை தெரிந்த ஆளாகத் தெரிகிறது என்றாள். நெவில் தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"நான் நாள் முழுக்க இங்கதான் கிடக்கேன்" என்றாள் பெவர்லி. "யாரையும் பாக்கல."

அதிகாரி போய்விட்டாள். கதவைச் சாத்திவிட்டு வந்தவர் கட்டிலோரம் உட்கார்ந்தார். "பெவ், நான்..." என்று ஆரம்பித்தார்.

"நான் பாத்தேன், நெவில். மெஷின் சத்தத்துல முழிப்பு வந்துருச்சு. உன் முதுகுதான் தெரிஞ்சுது. அதுங்களுக்குத் தண்ணிச் சட்டி மாட்டப்போறே, கடைசில நீயும் பாத்துட்டேன்னு நெனச்சேன். எனக்கு அன்னிக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நீயா சொல்லட்டும்னு பேசாம படுத்திருந்தேன்."

நெவில் குலுங்கி அழுதார். அவள் வலக்கையை நீட்டவில்லை. வெறுங்கிளைகளுக்கு நடுவே கடல் பளபளவென்று தெரிந்தது.

"சுவத்துப் பக்கம் திருப்பிடு" என்றாள்.

அவர் குனிந்து சக்கரங்களின் பூட்டை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.