மூன்று கைத் தண்ணீர்

மனைவி இறந்த பிறகு அவள் வளர்த்த ஜன்னலோரச் செடி தலை தொங்கிப்போனது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு அழுகை வரவில்லை; பழுது பார்க்கத்தான் கை வந்தது. வெளிச்சம் போதவில்லையோ என்று தொட்டியை நகர்த்தினார். மின்விசிறிக் காற்று படாமல் திருப்பினார். தினமும் காலையில் தவறாமல் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். செடி இன்னும் துவண்டது. கடைசியில் மண்ணுக்குள் விரலை விட்டார். ஒரே சேறு. குப்பென்று அழுகல் வாடை அடித்தது.

"வேற யாராவது இதுக்குத் தண்ணி ஊத்துறீங்களா?"

"மத்தியானம் நான் ஊத்துறேம்பா, வாடிக் கிடக்குதேன்னு," என்றாள் மகள்.

"வேலை விட்டு வந்ததும் நான் ஊத்துறேன்," என்றான் மகன், போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

ஒருவரிடம் ஒருவர் மூச்சு விடாமல் மூன்று பேரும் ஒரு செடியை மூழ்கடித்திருக்கிறார்கள். நல்ல குடும்பம்!

அழுகிய வேர்களை வெட்டிவிட்டு, புது மண் போட்டுச் செடியை நட்டார்.

"இனிமே அம்மா ஊத்தின மாதிரியே ஊத்துவோம்," என்றாள் மகள். "அம்மா எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஊத்துவாங்க?"

மெக்கானிக் மகனைப் பார்த்தார். மகன் அக்காவைப் பார்த்தான். அம்மா தண்ணீர் ஊற்றி அந்த வீட்டில் யாருமே பார்த்ததில்லை.