டப்பா பழகும் வரை

என் வீட்டுக்காரர் மூன்றாவது டாக்கையும் வாங்கி வந்துவிட்டார். கணினியில் வெறும் எண்ணாகக் கிடக்கும் பாட்டைக் காதில் விழுகிற ஒலியாக மாற்றித் தரும் டப்பாவுக்கு அதுதான் பெயர். தீப்பெட்டிக்கு அண்ணன் மாதிரி இருக்கும். முதலாவது மந்தம், இரண்டாவதில் உயிரே இல்லை என்று இரண்டையும் கடைக்கே திருப்பிக் கொடுத்தார். ஒரு செருப்பு வாங்க நான் நாலு ஜோடி போட்டுப் பார்த்தால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிற மனுஷன்!

ஆனால் இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. விளம்பரங்களுக்குக் குரலையும் இசையையும் கலந்து கொடுப்பது அவர் வேலை. ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஹெட்ஃபோனில் கேட்டுக் கேட்டுத் திருத்துவார். எங்களுக்குச் சோறு போடுவது அந்தக் காதுதான். சமீபத்தில் இரண்டு வேலைகள் திரும்பி வந்துவிட்டன. "ஸ வர்ற இடமெல்லாம் சீறுது, காதைக் கிழிக்குது" என்றார்களாம். இன்னொன்று திரும்பினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"டப்பாவுல கீச்சுச் சத்தமே வரலைன்னா நான் ஏத்தித்தானே வைப்பேன்?" என்றார் இவர்.

"புதுசுலயும் வரலையே?"

"புதுசு அப்படித்தான் இருக்கும். நாலஞ்சு நாள் விடாம ஓடணும். பழகப் பழகத்தான் திறக்கும்."

"டப்பாவா, புது மருமகளா? பழகினப்புறம் வாயத் திறக்க?"

ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஹெட்ஃபோனை மேசையில் வைத்து ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விட்டார். தினமும் வேலையிலிருந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் போய் மாட்டிக்கொள்வார். கொஞ்சம் கேட்டுவிட்டு, "இன்னும் ஓடட்டும்" என்பார். முகம் தொங்கிப் போகும்.

ஒரு சாயங்காலம் தூசி துடைக்கும்போது, அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் மாட்டிப் பார்த்தேன். ஒரு பெண் பாடுகிறாள். வரிகளுக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு சின்ன மணி, கிணிங் என்று, கண்ணாடி மாதிரித் தெளிவாக. அப்பாடா, திறந்துவிட்டது! அவர் வரும் சத்தம் கேட்டது. நல்ல சேதியை அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று கழற்றி வைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

அவர் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக் கேட்டார். ஒலியைக் கூட்டினார்.

"இந்தப் பாட்டுல ஒரு மணி இருக்கு. எங்கெங்க வரும்னு எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதையே முழுங்கிடுது, சனியன் பிடிச்ச டப்பா."

சற்று முன் என் காதில் தெளிவாக விழுந்த அதே மணி.

"நீ கேளு." ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டினார். பாட்டு முதலிலிருந்து ஓடியது. ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, "மணி வருதா?" என்றார்.

கிணிங்.

"இல்லைங்க" என்றேன். "ஒண்ணும் வரலை. இன்னும் பழகலை போல. ஓடட்டும் விடுங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் நானும் பார்த்தேன். என் ஆள்காட்டி விரல், மணி வரும் இடத்திலெல்லாம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். அவர் ஹெட்ஃபோனை மெதுவாக என் தலையிலிருந்து எடுத்து, பாட்டை நிறுத்தினார்.

"இதைத் திருப்பிக் கொடுக்க வேணாம்" என்றார். "நல்ல டப்பா. நீ வச்சுக்க."